உச்சியைத் தாண்டிக் கோடு இறங்கும்போது கம்பி ஏன் அறுகிறது?

சிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். முதலாவது பாடத்திலிருந்து: "தகைவு–திரிபு வரைபடத்தில் கோடு ஓர் உச்சிக்குப் போய், அப்புறம் கீழே இறங்கி, அதற்குப் பிறகுதான் கம்பி அறுகிறது. தகைவு குறைந்துகொண்டே வரும்போது ஏன் அறுந்துபோக வேண்டும்? உச்சியிலேயே அறுந்திருக்க வேண்டாமா?" இரண்டாவது வீட்டிலிருந்து: "எங்கள் வீட்டுக்கு இன்ஜினியர் 500டி கம்பி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் 550 போடுங்கள், அதுதான் அதிக பலம், பால்கனி தொங்கவே தொங்காது என்கிறார். யார் சொல்வது சரி?"

வீட்டுக் கேள்விக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இன்ஜினியர் சொன்னதையே போடுங்கள். காரணம் முதல் கேள்விக்குள் இருக்கிறது. பேசும்போது நாம் 'பலம்' என்ற ஒரே சொல்லில் மூன்று குணங்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். இழுத்தால் எவ்வளவு குறைவாக நீளும் என்பது விறைப்பு. எவ்வளவு விசை வரை நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும் என்பது வலிமை. அந்த எல்லையைத் தாண்டிய பிறகும் அறுந்துவிடாமல் எவ்வளவு தூரம் நீண்டு கொடுக்கும் என்பது இழுபடும் தன்மை. ஒன்று கூடினால் மற்ற இரண்டும் கூடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கடையில் விற்பது இரண்டாவது குணம். ஆபத்து வரும்போது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு உதவுவது மூன்றாவது.

அடிப்படையை விரைவாகப் பார்த்துவிடுவோம். விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைவு. நீட்சியை ஆரம்ப நீளத்தால் வகுத்தால் திரிபு. ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கணக்கில் பாதித் தொல்லை தீர்ந்தது. 12 மி.மீ. கம்பியின் பரப்பு 113 சதுர மி.மீ. அதில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் டன் எடையைத் தொங்கவிட்டால் தகைவு 500 மெகாபாஸ்கல். தகைவைத் திரிபால் வகுத்தால் வருவது யங் குணகம், விறைப்பைச் சொல்லும் எண். எஃகுக்கு அது சுமார் 2,00,000 மெகாபாஸ்கல் என்பதால் திரிபு 0.0025. அதாவது ஒரு மீட்டர் கம்பி வெறும் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். எடையை எடுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும்.

இந்த வகுத்தலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்டது, நீட்சி எவ்வளவோ அவ்வளவு விசை என்ற விதி. அது ஒரு குறிப்பிட்ட ஸ்பிரிங்கையோ கம்பியையோ பற்றிய கூற்று. தடிமன் மாறினால் எண் மாறும், நீளம் மாறினாலும் மாறும். 1820-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி தகைவு என்ற கருத்துக்குத் தெளிவான கணித வடிவம் கொடுத்தார். விசையைப் பரப்பாலும் நீட்சியை நீளத்தாலும் வகுத்துவிட்டால் கம்பியின் அளவு கணக்கிலிருந்து விலகி, எஃகின் குணம் மட்டும் மிஞ்சுகிறது. சென்னையில் சோதித்த சிறு துண்டை வைத்துக்கொண்டு இன்னொரு ஊரில் நிற்கும் பாலத்தைப் பற்றிப் பேச முடிவது இதனால்தான். உங்கள் முதல் கேள்வியின் குழப்பமும் இதே வகுத்தலில்தான் பிறக்கிறது.

இப்போது ஆய்வகத்துக்கு வாருங்கள். யூடிஎம் என்று எல்லோரும் சொல்லும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் ஒரு கம்பியை மாட்டப் போகிறோம். அதற்கு முன் பரப்பு தெரிய வேண்டும். கம்பியின் மேல் வரிகள் இருப்பதால் வெர்னியரை எந்த இடத்தில் வைப்பது என்பதே சிக்கல். அதனால் ஒரு துண்டை அறுத்து, நீளம் அளந்து, எடை போடுவோம். எடையை நீளத்தாலும் எஃகின் அடர்த்தியான கன மீட்டருக்கு 7,850 கிலோவாலும் வகுத்தால் சராசரிப் பரப்பு வந்துவிடும். சைட்டில் மேஸ்திரிகள் மனப்பாடமாகச் சொல்லும் 'விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகு' என்ற கணக்கு இதன் மறுபக்கம்: 144-ஐ 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.89 கிலோ. பிறகு கம்பியின் மேல் சென்டர் பஞ்ச் வைத்து, விட்டத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்தில், அதாவது 60 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் குத்திக்கொள்வோம்.

இழுக்கத் தொடங்கினால் முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. டயலில் முள் மட்டும் சீராக ஏறும். வரைபடத்தில் நேர்கோடாக வரும் பகுதி இதுதான். சாதா மைல்டு ஸ்டீல் கம்பியாக இருந்தால் ஓர் இடத்தில் முள் தயங்கி நிற்கும், சில சமயம் சற்றுப் பின்னால் வரும். அந்த நேரத்தில் டயலைப் பார்க்காமல் கம்பியைப் பாருங்கள். ஆலையில் சூடாக உருட்டியபோது மேலே படிந்த நீலக் கருமையான ஆக்சைடு தோல் பொறுக்குத் தட்டிப் பொடிப்பொடியாக உதிரும். கம்பி நீள்கிறது, தோலால் அதற்கு ஈடுகொடுத்து நீள முடியவில்லை. இதுதான் ஈல்டு, அதாவது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம். இதைப் பார்த்த மாணவருக்கு அந்தப் புள்ளி பிறகு எப்போதும் மறக்காது. மேல்தோலைத் தண்ணீரால் குளிர்வித்துச் செய்யும் டிஎம்டி கம்பியில் இந்தத் தயக்கம் பல நேரம் தெளிவாகத் தெரியாது. அப்போது இறக்கிய பிறகும் 0.2 சதவீத நிரந்தரத் திரிபு மிஞ்சும் தகைவை ஈல்டாக எடுத்துக்கொள்கிறோம். எஃப்இ 500 என்ற பெயரில் இருக்கும் 500 அந்தத் தகைவின் குறைந்தபட்ச அளவு.

ஈல்டுக்குப் பிறகு முள் மறுபடி ஏறுகிறது. கம்பி நீள நீள இறுகுகிறது. உச்சி வரும் வரை நீளம் முழுவதும் ஒரே சீராக நீள்கிறது, ஒரே சீராக மெலிகிறது. உச்சியில் ஏதோ ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் முன்னதாக ஒடுங்கத் தொடங்கும். பாட்டிலின் கழுத்து போல இருப்பதால் அதைக் கழுத்து என்கிறோம். அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த ஓர் அங்குலத்துக்குள்தான். முள் இறங்குகிறது, கழுத்து மெலிகிறது, பிறகு ஆய்வகமே அதிரும் ஒரு 'டமால்'. அறுந்த முனையை உடனே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் கழுத்தை இழுக்கச் செய்த வேலையின் பெரும்பங்கு அங்கேயே வெப்பமாக மாறியிருக்கிறது.

சரி, முள் ஏன் இறங்கியது? கழுத்தில் உள்ள எஃகு பலவீனமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சியில் 65 கிலோ நியூட்டன், அறும்போது 50 கிலோ நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஆரம்பப் பரப்பான 113-ஆல் வகுத்தால் 575, 442 என்று வரும். பாடப்புத்தகத்தின் கோடு இறங்குவது இதனால்தான். ஆனால் அறும் கணத்தில் கழுத்தின் விட்டம் 12 இல்லை. 8 மி.மீ. ஆகியிருந்தால் அங்கே பரப்பு 50 சதுர மி.மீ.தான். 50,000 நியூட்டனை 50-ஆல் வகுத்தால் 1,000 மெகாபாஸ்கல். எஃகு உணரும் உண்மையான தகைவு கடைசிக் கணம் வரை ஏறிக்கொண்டேதான் இருந்தது. நாம்தான் இல்லாத பரப்பால் வகுத்துக்கொண்டிருந்தோம். வடிவமைப்பில் ஆரம்பப் பரப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம் என்பதால் பாடப்புத்தகம் அப்படி வரைவதில் தவறில்லை. கோட்டின் வால் பகுதியை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும்.

உச்சி என்பது இரண்டு போட்டியாளர்கள் சமமாகும் இடம். நீள்வதால் எஃகு இறுகுகிறது, அது தாங்குதிறனைக் கூட்டுகிறது. நீள்வதால் பரப்பு குறைகிறது, அது தாங்குதிறனைக் குறைக்கிறது. தொடக்கத்தில் இறுகுவது ஜெயிக்கிறது. எங்காவது ஓரிடம் கொஞ்சம் மெலிந்தாலும் அந்த இடம் உடனே இறுகிவிடுவதால், அடுத்த நீட்சி வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் நீட்சி சீராகப் பரவியது. இறுகும் வேகம் குறைந்து, மெலிவது ஜெயிக்கத் தொடங்கும் கணத்தில், மெலிந்த இடமே மேலும் மெலிகிறது.

உங்கள் உள்ளுணர்வு முற்றிலும் தவறும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். யூடிஎம்முக்குப் பதிலாக எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுச் சோதித்திருந்தால் நீங்கள் சொன்னது போல உச்சியிலேயே கதை முடிந்திருக்கும். தொங்கும் எடை தானாகக் குறையாது. யூடிஎம் செய்வது வேறு. அது நீட்சியைத் திணிக்கிறது, அந்த நீட்சிக்குக் கம்பி எவ்வளவு எதிர்த்து இழுக்கிறது என்று அளக்கிறது. கழுத்து மெலிய மெலிய எதிர்ப்பு குறைகிறது, முள் இறங்குகிறது. வரைபடத்தின் இறங்குமுகம் கம்பியின் குணமும் இயந்திரத்தின் குணமும் சேர்ந்து வரைந்தது.

தகைவும் திரிபும் எப்போதும் ஜோடியாக வரும் என்றும் எண்ண வேண்டாம். ரயில் தண்டவாளத்தைப் பாருங்கள். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் மீட்டருக்கு 0.36 மி.மீ. நீள ஆசைப்படும். இரு பக்கமும் பிடித்துவைத்திருப்பதால் நீள முடியாது. நீளவே இல்லை, ஆனாலும் உள்ளே 72 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு. 60 கிலோ வகைத் தண்டவாளத்தின் பரப்பு சுமார் 7,690 சதுர மி.மீ. என்பதால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 56 டன் அளவுக்கு அமுக்கம். கோடைப் பகலில் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துகொள்ளும் ஆபத்து இதிலிருந்து வருகிறது.

இனி கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். 'அதிக பலமான கம்பி குறைவாகத் தொங்கும்' என்பதில் முதல் பிழை இது: 500, 550, 600, பழைய மைல்டு ஸ்டீல் 250, எல்லாவற்றுக்கும் யங் குணகம் நடைமுறையில் ஒன்றே. அதே பரப்பு, அதே விசை என்றால் அதே நீட்சிதான். காரணம் அணுக்களிடம் இருக்கிறது. மீளும் எல்லைக்குள் கம்பி நீளும்போது அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகள் சற்றே நீள்கின்றன, அவ்வளவுதான். எந்தக் கிரேடாக இருந்தாலும் கம்பியில் 97, 98 சதவீதம் இரும்புதான். கொஞ்சம் கார்பனும் மாங்கனீசும் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பிணைப்பு மாறப் போவதில்லை.

ஈல்டு வலிமை மட்டும் எப்படி 250-லிருந்து 550-க்கு ஏறுகிறது? ஒரு பெரிய கனமான ஜமக்காளத்தைத் தரையோடு அப்படியே இழுத்து நகர்த்திப் பாருங்கள், சிரமம். ஒரு ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஜமக்காளம் முழுவதும் சுலபமாக ஒரு சாண் நகர்ந்திருக்கும். உலோகப் படிகத்தில் அணு அடுக்குகள் நழுவுவதும் இப்படித்தான். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவ வேண்டுமானால் ஆயிரக்கணக்கான மெகாபாஸ்கல் தேவைப்படும் என்று கணக்குச் சொன்னது. உண்மையான உலோகங்களோ அதில் மிகச் சிறு பங்கிலேயே நழுவின. 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி என்ற மூவர் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டார்கள்: படிகத்துக்குள் இத்தகைய மடிப்புகள், அதாவது வரிசை பிசகிய கோடுகள் இருக்கின்றன, அவை ஓடுவதால்தான் உலோகம் நழுவுகிறது. மடிப்பு ஓடுவதற்குத் தடை போட்டால் ஈல்டு வலிமை ஏறும். ஆனால் மடிப்பு ஓடுவதுதான் இழுபடும் தன்மையும். தடையைக் கூட்டக் கூட, நீளும் திறன் பொதுவாகக் குறைகிறது. கடையில் 'அதிக பலம்' என்று தரும்போது எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பது இங்கே தெரிகிறது.

நம் ஊர்ப் பேச்சிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இன்றும் பலர் கம்பியை 'முறுக்குக் கம்பி' என்கிறார்கள். ஒரு காலத்தில் உண்மையாகவே முறுக்கித்தான் விற்றார்கள். ஆறிய கம்பியைப் பச்சையாக முறுக்கினால் உள்ளே ஏராளமான மடிப்புகள் பிறந்து, ஒன்றோடொன்று சிக்கி, ஈல்டு 415-க்கு ஏறும். நாம் யூடிஎம்மில் பார்த்த அதே இறுகல்தான், ஆலையிலேயே முன்கூட்டிச் செய்தது. ஆனால் நீளும் திறனில் ஒரு பங்கை முறுக்கும்போதே செலவழித்துவிட்ட கம்பி அது. டிஎம்டி கம்பியில் முறுக்கு என்பதே கிடையாது. கடைசி உருளையிலிருந்து செந்தணலாக வெளியே வரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி மேல்தோலை மட்டும் சட்டென்று குளிர்விக்கிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே வந்து தோலைப் பதப்படுத்துகிறது. வெட்டிய முகத்தைத் தேய்த்து அமிலம் தடவினால் கருத்த வளையம் ஒன்று தெரியும். அது கடினமான தோல். நடுவில் இருப்பது மென்மையான, நீளக்கூடிய பகுதி. இரண்டு குணமும் ஒரே கம்பியில் கிடைப்பது இந்த அமைப்பால். அதனால்தான் சைட்டில் டிஎம்டி கம்பியை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். அந்தத் தோலின் பதம் அங்கே போய்விடுகிறது.

இந்த நீளும் திறன் வீட்டில் எங்கே வேலைக்கு வருகிறது? பீமில். கான்கிரீட் இழுவையில் மிகப் பலவீனம். கையில் ஒரு சாக்பீஸை எடுத்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள், 45 டிகிரியில் சுருளாக உடையும். முறுக்கும்போது அந்தத் திசையில்தான் இழுவைத் தகைவு உச்சம். நழுவத் தெரியாத பொருள் இழுவைக்குக் குறுக்கே பிளந்துகொள்கிறது. கான்கிரீட்டும் அதே ஜாதி. எம்25 என்ற கிரேடு கான்கிரீட் வளைவில் சுமார் 3.5 மெகாபாஸ்கல் இழுவையில் விரிசல் விடும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 456-ன் கணக்கு சொல்கிறது. அதன் யங் குணகம் 25,000 என்பதால் விரிசல் விடும் திரிபு 0.00014. அந்தத் திரிபில் பக்கத்தில் இருக்கும் கம்பியில் தகைவு எவ்வளவு? 28 மெகாபாஸ்கல். 500 தாங்கும் கம்பி அப்போதுதான் கண் விழிக்கிறது. ஆகவே பீமின் அடியில் முடியைவிட மெல்லிய விரிசல் என்பது கம்பி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

மேல்பக்கம் கான்கிரீட் அமுக்கத்தில் இருக்கிறது. 0.0035 திரிபில் அது நொறுங்கும் என்று விதி எடுத்துக்கொள்கிறது. நொறுங்குவது முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும். அதனால் பீமை வடிவமைக்கும்போது, மேலே கான்கிரீட் நொறுங்குவதற்கு முன் கீழே கம்பி ஈல்டு ஆகிவிட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறோம். கம்பி ஈல்டு ஆனால் பீம் தொய்யும், விரிசல் அகலும், பூச்சு உதிரும், கதவு நிலையில் சிக்கும். வீட்டில் இருப்பவர்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். இதற்காகவே அமுக்கப் பகுதியின் ஆழத்துக்கு ஐஎஸ் 456 ஒரு மேல் வரம்பு வைத்திருக்கிறது: பீம் ஆழத்தில் மைல்டு ஸ்டீலுக்கு 0.53 பங்கு, 415-க்கு 0.48, 500-க்கு 0.46. கிரேடு ஏற ஏற வரம்பு இறுகுவதைக் கவனியுங்கள். வலுவான கம்பி ஈல்டு ஆக அதிகத் திரிபு வேண்டும், அதற்கு இடம் விட வேண்டும். 'பயமாக இருக்கிறது, இன்னும் நாலு கம்பி சேர்த்துப் போடு' என்று பீமில் கம்பியைத் திணிப்பது சில நேரம் ஆபத்தை வாங்கிவருவதும் இதனால்தான்.

நிலநடுக்கத்தில் இது இன்னும் தீவிரம். 500டி கம்பி உச்ச விசையை எட்டும்போது குறைந்தது 5 சதவீதம் நீண்டிருக்க வேண்டும் என்கிறது கம்பிக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 1786. மீட்டருக்கு 50 மி.மீ. ஈல்டு வரை நீண்டது இரண்டரை மி.மீ.தான், ஆக இருபது மடங்கு. வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கம்பி உள்வாங்கும் ஆற்றல். அதைக் கணக்கிட்டால் மீளும் பகுதியைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு வருகிறது. நிலம் குலுங்கும்போது கட்டடத்துக்குள் நுழையும் ஆற்றலை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும், செலவழிக்கும் இடம் அந்தப் பரப்பு.

நிலநடுக்கத்துக்கான கம்பி விவரங்களைச் சொல்லும் ஐஎஸ் 13920-ன் 2016 பதிப்பில் ஒரு விதி உண்டு. முதன்முதலில் படித்தபோது நான் இரண்டு முறை திரும்பிப் படித்தேன். கம்பியின் உண்மையான ஈல்டு, பெயரில் சொன்னதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது. 500 என்று வாங்கிய கம்பி 610 காட்டினால் அதைச் சட்டகத்தில் போடக் கூடாது. வலிமை கூடியதற்காக ஒரு பொருளைத் திருப்பி அனுப்பும் விதி! காரணம் உண்டு. பீமில் கம்பி ஈல்டு ஆகி அங்கே வளைய வேண்டும், தூண் நிற்க வேண்டும் என்று வடிவமைத்திருப்போம். பீம் கம்பி எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தால் அது ஈல்டு ஆகாமல் விசையைத் தூணுக்குத் தள்ளிவிடும், கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங் தாங்க வேண்டிய வெட்டு விசையையும் கூட்டிவிடும். அவை முன்னறிவிப்பின்றி உடையும் இடங்கள். அதே விதியில் உச்ச வலிமை ஈல்டைப் போல் 1.15 மடங்காவது இருக்க வேண்டும், நீட்சி 14.5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

நீளத் தெரியாத வலிமை என்ன செய்யும் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுக்கும் உதாரணம் அமெரிக்காவின் சில்வர் பாலம். மேற்கு வர்ஜீனியாவையும் ஒஹாயோவையும் இணைத்து ஒஹாயோ ஆற்றின் மேல் 1928-ல் திறந்த தொங்குபாலம். வடக் கயிற்றுக்குப் பதிலாக, இரு முனையிலும் துளையிட்ட நீண்ட எஃகுப் பட்டைகளைச் சங்கிலி போலக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டைகள் வெப்பப் பதம் செய்த உயர்வலிமை எஃகு. வலிமை அதிகம் என்பதால் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே பட்டைகள் போதும் என்று கணக்கு. 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நெரிசலாக நின்ற நேரத்தில் பாலம் மொத்தமாக ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். ஒரு பட்டையின் துளை ஓரத்தில் பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்த விரிசல் ஒன்றிலிருந்து முறிவு தொடங்கியிருந்தது. அந்த விரிசலின் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்.

இரண்டரை மில்லிமீட்டர் ஒரு பாலத்தை எப்படி வீழ்த்தும்? துளையின் ஓரத்தில் தகைவு சீராக இருப்பதில்லை, சராசரியைப் போல மும்மடங்குக்கு ஏறுகிறது. விரிசலின் கூர்முனையில் அதைவிடப் பல மடங்கு. நன்றாக இழுபடும் எஃகு என்றால் அந்த முனையில் சிறிது ஈல்டு ஆகி, கூர் மழுங்கி, தகைவைப் பக்கத்தில் பகிர்ந்துவிடும். அந்தப் பட்டைகளின் எஃகு அந்தக் குளிரில் அப்படி விட்டுக்கொடுக்கக் கூடியதாக இல்லை. ஒரு பட்டை போனதும் துணைப் பட்டை தனியே தாங்க முடியவில்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் நாடு முழுவதும் பாலங்களைக் குறித்த இடைவெளியில் பரிசோதிக்கும் விதிகள் வந்தன.

இப்போது உங்கள் பால்கனி. 550 போட்டால் தொங்காது என்பது சரியில்லை என்று பார்த்துவிட்டோம். விலை குறைக்க 550-ஐக் காரணம் காட்டிக் கம்பியின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒவ்வொரு கம்பியிலும் தகைவு ஏறும், திரிபு ஏறும், விரிசலும் தொய்வும் கூடத்தான் செய்யும். ஐஎஸ் 456-ல் தொய்வுக்கான ஆழத்தைக் கணிக்கும்போது உயர்ந்த கிரேடுக்கு அதிக ஆழம் கேட்பதும் இதற்காக. தொய்வைக் குறைக்க வேண்டுமானால் ஸ்லாபின் கனத்தைப் பேசுங்கள். விறைப்பு கனத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதால் 100 மி.மீ.யை 125 ஆக்கினால் கிட்டத்தட்ட இரு மடங்காகும், கூடும் சொந்த எடையைக் கழித்துப் பார்த்தாலும் லாபம்தான். அதைவிட முக்கியம் ஒன்று. வெளியே நீட்டும் பால்கனியில் இழுவை மேல்பக்கம், ஆகவே முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிடுகிறது. 'சேர்' எனப்படும் கம்பித் தாங்கி வைத்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, கான்கிரீட் விழும்போதும் அந்த உயரத்திலேயே நிற்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். எந்தக் கிரேடு வாங்கினாலும் இந்தத் தவறுக்கு ஈடு கிடையாது.

கம்பி வாங்கும்போது அந்த லாட்டின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஈல்டைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் அடுத்த இரண்டு எண்களையும் படியுங்கள். அறுந்த பிறகு அளக்கும் நீட்சிக்கு ஐஎஸ் 1786 கேட்கும் குறைந்தபட்ச அளவு சாதாரண 500-க்கு 12 சதவீதம், 500டி-க்கு 16, 550-க்கு 10, 550டி-க்கு 14.5. அந்த 'டி' என்ற ஒற்றை எழுத்து இழுபடும் தன்மையைக் குறிப்பது. கந்தகம், பாஸ்பரஸ் அளவும் அதில் இறுக்கமாகக் கட்டுப்பட்டிருக்கும். உச்ச வலிமை ஈல்டைவிட எவ்வளவு கூடுதல் என்பது மூன்றாவது எண்: 500டி-க்கு குறைந்தது 10 சதவீதம், வெறும் 550-க்கு 6. வளைத்து நிமிர்த்தும் சோதனை நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பியை 45 டிகிரி வளைத்து, அரை மணி நேரம் கொதிநீரில் போட்டு, ஆறிய பிறகு பாதி நிமிர்த்துவார்கள். வளைத்த எஃகு காலப்போக்கில் இறுகி நொறுங்கும் தன்மை பெறுமா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடும் எளிய வழி அது. விரிசல் இல்லாவிட்டால் தேறியது.

முடிந்தால் உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியோடு அந்தக் கம்பியின் ஒரு துண்டை யூடிஎம்மில் மாட்டுங்கள். அறுந்த இரண்டு துண்டையும் முனையோடு முனை பொருத்தி மேசையில் வைத்து, பஞ்ச் புள்ளிகளுக்கு இடையே ஸ்கேலை வையுங்கள். 60 மி.மீ. இருந்த இடத்தில் 70 காட்டினால் நீட்சி 16.7 சதவீதம், 500டி தேறியது. 66-ல் நின்றால் பெயரில் டி இருந்தாலும் அந்தக் கம்பியைத் திருப்பி அனுப்புங்கள்.